ஆமாம் போட ஓர் ஆள்

சென்ற மாதம் நுங்கம்பாக்கத்தில் நடந்த பன்மொழிக் கதைசொல்லல் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். தமிழ், மலையாளம், வங்காளம், பிரெஞ்சு என நான்கு மொழிகள். அரங்கம் நிறைந்திருந்தது. ஏற்பாடு செய்தவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்திருந்தார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் வீடு திரும்பும்போது ஒரு கதைகூடக் கேட்ட நிறைவு இல்லை. ஏன் என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது இதுதான். கதைசொல்பவர் மூன்று வாக்கியம் பேசி நிறுத்துவார், பக்கத்தில் நிற்பவர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார், பிறகு அடுத்த மூன்று வாக்கியம். பிரெஞ்சுக் கதையில் ஓநாய் கதவைத் தட்டியது. அரை நிமிடம் கழித்து அதே ஓநாய் ஆங்கிலத்தில் வந்து இன்னொரு முறை தட்டியது. சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது, பயம் ஒரு தவணையாகக்கூட வரவில்லை. குமரி மாவட்டத்திலிருந்து ஐந்து பேராக வந்திருந்த வில்லுப்பாட்டுக் குழுவுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள், அதில் பாதி மொழிபெயர்ப்புக்குப் போயிற்று. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொல்லி நிறுத்தும் இடத்தில், குடம் அடிப்பவரோ பக்கத்தில் இருப்பவரோ 'ஆமா' என்று போடுவார், அல்லது 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்பார். அன்று அந்த இடைவெளியில் மொழிபெயர்ப்பாளர் நுழைந்துவிட்டார். குடம் அடித்த பெரியவர் இரண்டு முறை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டதை நான் முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். மூன்றாம் முறை அவர் முயலவில்லை.

அந்தப் பெரியவர் பேச முடியாமல் போன ஒற்றைச் சொல்லில்தான் பன்மொழிக் கதைசொல்லலின் திறவுகோல் இருக்கிறது என்பது என் எண்ணம். மேடையில் இருக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர், ஆமாம் போடுபவர்.

நம் வீடுகளிலேயே இதற்குப் பெயர் உண்டு, உம் கொட்டுதல். கேட்கிற குழந்தை உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். உலகின் பல பக்கங்களிலும் இதே ஏற்பாடு இருப்பதைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. சத்தீஸ்கரின் பாண்டவானியில் தம்பூராவை ஏந்தி மகாபாரதம் சொல்பவருக்குப் பக்கத்தில் 'ராகி' என்றொருவர் அமர்ந்து, ஆமோதித்தும் கேள்வி கேட்டும் கதையை நகர்த்துவார். 2019இல் பத்ம விபூஷண் பெற்ற பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாய், சத்தீஸ்கரி மொழியில் ஒரு சொல்லும் தெரியாத வெளிநாட்டு அரங்குகளைக் கட்டிப்போட்டதில் அவருடைய குரலுக்கும் தம்பூரா சட்டென்று பீமனின் கதாயுதமாக மாறும் வித்தைக்கும் உள்ள பங்கைப் பலரும் சொல்வார்கள். எதிரே ஒருவர் 'அப்படியா!' என்று வியக்கும்போது, மொழி தெரியாதவனுக்கும் 'இப்போது ஏதோ நடந்துவிட்டது' என்று புரிந்துவிடுகிறதே, அந்தப் பங்கை யாரும் பேசுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடையே, சுன்ஜாட்டா மன்னனின் கதையைப் பாணர் பாடும்போது 'நாமு' என்று இடையிடையே சொல்வதற்கென்றே ஓர் ஆள் உண்டு. ஹெய்தியில் கதைசொல்பவர் 'கிரிக்?' என்று கேட்க, கூட்டம் 'கிராக்!' என்று கத்தினால்தான் கதை தொடங்கும்.

கொரியாவின் பன்சோரி என்ற கதைப்பாடல் கலையோ இதை ஓர் இலக்கணமாகவே வைத்திருக்கிறது. நின்று பாடுபவர் ஒருவர், உட்கார்ந்து மத்தளம் அடிப்பவர் ஒருவர், அவ்வளவுதான் குழு. மத்தளக்காரர் தாளம் மட்டும் போடுவதில்லை, பாடுபவரை 'பலே' என்பதுபோல் குரல்கொடுத்து ஏற்றிவிடுவார், விவரம் தெரிந்த பார்வையாளர்களும் சேர்ந்துகொள்வார்கள். 'முதலில் மத்தளக்காரர், இரண்டாவதுதான் பாடகர்' என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் கார்கள் உருவாகத் தொடங்கியதிலிருந்து கணிசமான கொரியர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். ஒரு பன்சோரி மத்தளக்காரரையும் நம் குடம் அடிப்பவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாடகர்கள் அவரவர் மொழியில் பாடட்டும். ஆமாம் போடுகிறவர்களை மட்டும் இடம் மாற்றி அமர்த்துங்கள், நம்மவர் கொரியக் கதைக்கு 'ஆமா' போடட்டும், அவர் நம் கதைக்குத் தம் குரலைக் கொடுக்கட்டும். எந்த இடத்தில் போடுவது என்று கண்டுபிடிக்க இருவரும் பத்து நாளாவது மற்றவர் கதையைக் கேட்டாக வேண்டும். பண்பாடுகளுக்கிடையே கூட்டுமுயற்சி என்று அழைப்பிதழில் போடுகிறோமே, அந்தப் பத்து நாள்தான் அது. நிகழ்ச்சி அன்று மாலை மூன்று மணிக்கு ஒலிவாங்கிச் சோதனையின்போது கைகுலுக்கிக்கொள்வது கூட்டுமுயற்சி ஆகாது.

மொழிபெயர்ப்பின் மீது எனக்குப் பகை இல்லை, அதை இன்னொரு காரணத்தாலும் மேடையில் ஒதுக்கச் சொல்கிறேன். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' என்று தொடங்குகிறோம். அந்த 'ஆம்' என்ன செய்கிறது? 'நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொல்கிறேன்' என்கிறது. சொல்பவரைச் சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கி, கேட்பவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. தெலுங்கில் 'அட' என்றும் கன்னடத்தில் 'அந்தெ' என்றும் வினையின் வாலில் இதே வேலை நடக்கிறது. கொரியத்திலும் கேள்விப்பட்டதைச் சொல்வதற்கெனத் தனி விகுதி உண்டு. துருக்கியர்கள் கதையைத் தொடங்குவதே 'பிர் வர்மிஷ், பிர் யோக்முஷ்' என்றுதான். ஏறத்தாழ 'இருந்ததாம், இல்லையாம்' என்று பொருள். அன்று நுங்கம்பாக்கத்தில் தமிழ் ராஜா ஆங்கிலத்துக்குப் போனவுடன் அந்த 'ஆம்' உதிர்ந்துவிட்டது. ராஜா இருந்தார், நாட்டை ஆண்டார், இறந்தார் என்று காவல் நிலையத்தில் எழுதித் தந்த வாக்குமூலம்போல் ஒலித்தது. அதிலும் துருக்கி, கொரியம், தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒன்றை, அது இல்லாத ஆங்கிலத்தின் வழியாக அனுப்பி இழக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது.

'எல்லோருக்கும் புரிய வேண்டாமா?' என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை இந்த நிலப்பகுதி வெகுகாலமாக வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி, 'பஞ்சபாஷா விலாசம்' என்று ஐந்து மொழிகள் கலந்து ஒரு நாடகமே எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தனை மரபை உள்வாங்கிக் கதாகாலட்சேபத்தைச் செப்பனிட்டபோது, சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று மராட்டியப் பாவகைகள் அப்படியே தமிழ்க் கதைக்குள் குடியேறின. சம்ஸ்கிருதச் சுலோகம், தெலுங்குக் கீர்த்தனை, மராட்டிய சாகி, தமிழ் வசனம் எல்லாம் ஒரே மூச்சில் வரும், பாகவதர் கையில் தாளம் போடும் சிப்ளாக்கட்டை அவற்றைத் தைத்துக்கொண்டே போகும். பாகவதர் தமிழில் கதையை நடத்திச் செல்ல, பின்பாட்டுக்காரர் பாடல்களைத் தாங்கிக்கொள்வார். மராட்டியம் தெரியாத மயிலாப்பூர்க்காரர்கள் அதை மணிக்கணக்கில் கேட்டார்கள்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். காலட்சேபம் கேட்க வந்தவர்களுக்கு ராமன் கதையும் நந்தனார் கதையும் ஏற்கெனவே தெரியும், மொழி புரியாத இடத்தைக் கதையறிவு நிரப்பிவிடும். அதோடு அந்தச் சபைகளுக்குள் யார் வர முடிந்தது, யார் வர முடியவில்லை என்ற கணக்கும் இருக்கிறது, அதை மறந்து பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் வடமாவட்டத்துத் தெருக்கூத்தில் சபை நாகரிகம் ஏதும் தேவைப்படவில்லை. வேடம் கட்டியவர் விருத்தத்தில் பாடுவது ஊரில் பாதிப்பேருக்கு நேராகப் புரியாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மொழிபெயர்க்க மாட்டான், கேலி செய்வான், குறுக்குக் கேள்வி கேட்பான், 'என்னது, சூதாட்டத்துல நாட்டையே வச்சுட்டியா?' என்று அலறுவான். அந்த அலறலில் கதை எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிடும். ஆந்திரத்தின் புர்ரகதாவில் நடுவில் நின்று கதை சொல்பவருக்கு இரு பக்கமும் இருவர் நின்று, ஒருவர் நகைச்சுவையும் மற்றவர் நடப்பு அரசியலும் பேசுவதும் இதே வேலைதான்.

கதையே தெரியாத, மொழியும் தெரியாத கூட்டத்திடம் இது எடுபடுமா என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு சிறிய அனுபவம் மட்டும்தான். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, கட்டடத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் அருகே நண்பர்கள் மாலை வகுப்பு நடத்துகிறார்கள். ஒடிசா, வங்காளம், ஆந்திரம், நம் விழுப்புரம் என்று பல பக்கத்துக் குழந்தைகள். சனிக்கிழமைகளில் நான் போய்க் கதை சொல்வேன். முதல் இரண்டு வாரம் தமிழில் சொல்லி, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் திருப்பிச் சொன்னேன். குழந்தைகள் நல்ல மரியாதையோடு கொட்டாவி விட்டார்கள்.

மூன்றாம் வாரம் மாற்றினேன். சென்னைக்கு வந்து ஓராண்டு ஆன ஒடியாச் சிறுமிக்குத் தமிழ் ஓரளவு புரியும். அவளை எனக்கு எதிரே உட்கார வைத்து, 'நீ மொழிபெயர்க்க வேண்டாம், உனக்குத் தோன்றியதை உன் மொழியில் என்னிடம் கேள்' என்றேன். சொன்னது கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அந்தப் பெயரை மறக்காமலிருக்கச் சொல்லிக்கொண்டே வருவான், வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று குதிப்பான், அப்புறம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொல்வான். (மனைவியை அடித்து அவள் முகம் கொழுக்கட்டைபோல் வீங்கியதால் பெயர் நினைவுக்கு வருவதாகப் பழைய கதை. நான் அவனையே வாசற்படியில் தடுக்கி விழவைத்து, அவன் நெற்றியை வீங்க வைத்துவிடுவேன். கேட்பவர்களுக்கு நகைச்சுவையில் குறை ஒன்றும் தெரிந்ததில்லை.)

அந்தச் சிறுமி ஒவ்வொரு வரிக்கும் ஒடியாவில் ஏதோ கேட்டாள். அவள் குரல் உயர்ந்த இடத்தில் மற்ற குழந்தைகள் நிமிர்ந்தார்கள். கொழுக்கட்டையைக் கையால் பிடித்துக் காட்டியபோது அவள் 'மண்டா பிட்டா!' என்று கத்தினாள், அது ஒடிசாவில் தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைக்கும் பண்டம். தெலுங்குப் பையன் அதைக் குடுமு என்றான். விழுப்புரத்துக்காரன் அதெல்லாம் இல்லை, கொழுக்கட்டைதான் என்று அடம்பிடித்தான். மறந்துபோன சொல்லைத் தேடும் கதையில் எல்லோரும் ஆளுக்கொரு சொல்லோடு நின்றார்கள், 'அத்திரிபாச்சா' மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, ஏனென்றால் அது எந்த மொழியிலும் இல்லை.

முடிவில் வழக்கம்போல 'கதை முடிஞ்சுது, கத்திரிக்காய் காய்ச்சுது' என்றேன். ஒடியாச் சிறுமி உடனே தங்கள் ஊர் முடிப்பைச் சொன்னாள்: என் கதை தீர்ந்தது, பூச்செடி செத்தது. வங்காளப் பையன் எழுந்து நின்று தன்னுடையதைச் சொன்னான்: என் கதை முடிந்தது, கீரைச்செடி மொட்டையானது. அடுத்த வரியில் இரண்டு பேரும் செடியிடம் ஏன் என்று கேட்க, இரண்டு செடியுமே பசுவின் மீது பழி போட, பசு மாட்டுக்காரனின் மீது பழி போட, அந்த இரு குழந்தைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. கடைசியில் தெலுங்குப் பையன், 'கத கஞ்சிகி, மனம் இண்டிகி' என்றான். கதை காஞ்சிக்கு, நாம் வீட்டுக்கு. அந்த 'மனம்' என்பது நம் 'நாம்', கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். இந்தியில் அதற்கு 'ஹம்' என்றுதான் சொல்ல முடியும், அது நாமா நாங்களா என்று தெரியாது. தெலுங்குக் கதைகளெல்லாம் போய்ச் சேரும் காஞ்சி நமக்கு 75 கிலோமீட்டரில் இருக்கிறது என்று சொன்னதும், நிஜமாகவே அப்படி ஓர் ஊர் உண்டா என்று அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

சென்னையில் மொழிபெயர்ப்பையே உயிருள்ள கலையாகச் செய்யும் ஓர் இடமும் உண்டு, கிறிஸ்தவ நற்செய்திக் கூட்டங்கள். போதகர் கையை உயர்த்தினால் மொழிபெயர்ப்பவரும் உயர்த்துவார், குரல் தழுதழுத்தால் இவருக்கும் தழுதழுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இமைப்பொழுது இடைவெளி இராது. நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவள் அல்ல, ஆனாலும் சாலையோரம் நின்று கேட்டிருக்கிறேன். அவர் மொழிபெயர்ப்பாளராக அங்கே நிற்கவில்லை, ஆமாம் போடுபவராகவே நிற்கிறார். அப்படி ஒருவர் கிடைத்தால் மேடையில் தாராளமாக ஏற்றுங்கள்.

கடைசியாகப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கலின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நம் நிகழ்ச்சிகளின் வரவுசெலவுக் கணக்கில் கதைசொல்பவர் என்றால் ஒற்றை ஆள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் வில்லுப்பாட்டைக் கோயில் கொடைவிழாவிலிருந்து சென்னை மேடைக்குக் கொண்டுவந்தபோது, தனியாக வரவில்லை, குழுவாக வந்தார்கள். இப்போது ஐந்து பேரைக் கூப்பிட்டு ஒருவருக்கான தொகையைக் கொடுத்தால், அடுத்த முறை ஒருவர் மட்டும்தான் வருவார், வந்து ஒலிவாங்கியின் முன் தனியாக நின்று கதை 'சொல்வார்'. ஒத்திகைக்கான நாட்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. ஆனால் விளம்பரப் பதாகைக்கும், ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் ஆங்கிலத்தில் அறிமுகம் படிக்கும் தொகுப்பாளருக்கும் தொகை இருக்கிறது.

அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்கள் அடுத்த ஆண்டுக்கு யோசனை கேட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். பிரெஞ்சுக் கதைசொல்லி பத்து நாள் முன்னதாக வரட்டும், வில்லுப்பாட்டுக் குழு ஐந்து பேரும் அந்தப் பத்து நாளும் சென்னையில் தங்கட்டும், ஓநாய் கதவைத் தட்டும்போது குடம் அடிக்கும் பெரியவர் அதற்கு 'ஆமா' போடட்டும் என்று எழுதி, ஐந்து பேருக்குமான தங்குமிடச் செலவையும் பயணப்படியையும் கணக்குப் போட்டு அனுப்பினேன். பதினொரு நாள் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை.