அம்மாவின் தட்டில் பருப்பு எங்கே?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தவர், இரண்டு கையையும் தரையில் ஊன்றி, அப்புறம் கட்டில் காலைப் பிடித்து, மெல்ல எழுந்தார். "மூட்டு வலியாம்மா?" என்றேன். "வலியெல்லாம் இல்லப்பா, கால்ல பலமில்ல" என்றார்.

அம்மாவுக்கு 11 வருடமாகச் சர்க்கரை. சீனி போட்ட காபியைக் கேட்டதே இல்லை. தீபாவளிப் பலகாரத்தைத் தொடமாட்டார். மாத்திரை ஒரு வேளை தப்பாது. இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறவருக்குச் சர்க்கரையும் இறங்கவில்லை, உடம்பும் வற்றிக்கொண்டே போகிறது என்றால் என்ன காரணம்? மூன்று நாள் அவர் சாப்பிடுவதைக் கவனித்தேன்.

காலையில் மூன்று இட்லி, சட்னி. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் கேப்பைக் கூழ். மதியம் சோறு, சாம்பார், கொஞ்சம் பொரியல், மோர். சாயங்காலம் சீனி இல்லாத டீ, இரண்டு பிஸ்கட். ராத்திரி இரண்டு தோசை. யார் பார்த்தாலும் அளவான சாப்பாடு என்றுதான் சொல்வார்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தசைக்கு வேண்டிய புரதம் இதில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அம்மாவின் எடை 52 கிலோ. அப்படியானால் நாளுக்குச் சுமார் 43 கிராம். வயதானால் தசை அவ்வளவு எளிதில் வளராது என்பதால் முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று சொல்லும் நிபுணர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் கிடைப்பதோ, தாராளமாகப் போட்டாலும் 30 கிராமுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் அரிசியிலிருந்தும் கேப்பையிலிருந்தும் வருவது.

"சாம்பார்ல பருப்பு இருக்கே" என்று மதினி கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள். அதில் இருக்கும் புரதம் சுமார் 22 கிராம். ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு நாலரை கிராம்கூட வராது. அதையும் சமமாகவா பிரிக்கிறோம்? அடியில் தங்கிய பருப்பைக் கரண்டி விட்டு எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, மேலே தெளிந்ததைத் தன் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தாலும் இதே கதைதான். துண்டெல்லாம் எங்களுக்கு. "எனக்குக் குழம்பு போதும்பா." இந்த ஒரு வரியை என் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

இதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? இட்லி, தோசை, சோறு, கேப்பை, சப்பாத்தி, ஓட்ஸ் எல்லாமே பெரும்பாலும் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. குடலில் அது அறுந்து, குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்குள் போகிறது. வேகம் கூடக் குறைய இருக்கலாம், போய்ச் சேருவது ஒன்றுதான். சீனியை நிறுத்திவிட்டு ராத்திரிச் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ரத்தத்துக்கு வந்த அந்தக் குளுக்கோஸ் எங்கே போகும்? இன்சுலின் வேலை செய்யும்போது அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்குச் சேமிக்க இடம் இருக்கிறது என்றால், உடம்பின் தசை எல்லாம் சேர்ந்தால் அதைப்போல நாலு மடங்கு. நெல்லைக் கொட்டிவைக்கக் குதிர் இருக்கிற மாதிரி, தசைதான் நம் சர்க்கரைக் குதிர். தசை கரையக் கரைய குதிர் சுருங்குகிறது. வருகிற நெல்லின் அளவு மட்டும் குறையவில்லை.

புரதத்துக்கோ இப்படித் தனிக் குதிரே கிடையாது. கொழுப்பு மிஞ்சினால் உடம்பு சேர்த்துவைக்கும், புரதத்தை அப்படி ஒதுக்கிவைக்காது. சாப்பாட்டில் வராவிட்டால் இருக்கிற தசையை உடைத்துத்தான் எடுக்கும். விதைநெல்லை எடுத்து உலையில் போடுகிற மாதிரி. அம்மா கட்டில் காலைப் பிடித்து எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

நான் அரிசிக்கு எதிரி இல்லை. அரிசியை விஷம் என்று வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால் நல்ல ஜோடி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்தது; அவற்றில் அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. குறை, விகிதத்தில்தான். 2024இல் வந்த தேசிய உணவு வழிகாட்டுதல், மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. எங்கள் வீட்டில் அது அதைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது.

இதில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பசியைத் துரத்திய திட்டம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான், 30 ரூபாய்க்கு. ஐந்து பேர் வீட்டுக்கு அது பத்து நாள் சாம்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாளும் முட்டை கொடுக்கிற மாநிலம் இது. பருப்பை இரண்டு கிலோவாக்கினால், கூடவே கொஞ்சம் கொண்டைக்கடலையோ தட்டப்பயறோ கொடுத்தால், எத்தனை வீட்டுத் தட்டு மாறும்! நாம் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்ய முடிந்தது சிலது. இட்லி மூன்று இரண்டானது, கூட ஒரு முட்டை. பதினோரு மணிக்குக் கூழுக்குப் பதில் பாசிப்பயறுச் சுண்டல். மதியம் பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு. இந்த வரிசையால் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பரிசோதித்து, டாக்டரிடம் கேட்ட பிறகுதான் இதை ஆரம்பித்தோம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தாங்களாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. அப்புறம், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சி. தசைக்கு வேலை கொடுக்காமல் வெறும் புரதத்தை மட்டும் போட்டுப் பெரிய பயன் இல்லை.

அம்மா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "வேலைக்கா போறேன், எனக்கெதுக்கு முட்டை, புள்ளைக்குக் குடு" என்று நேற்றுகூட போனில் சொன்னார். மதினி பக்கத்தில் நின்று, "அத்தை, ரெண்டு பேருக்கும் அவிச்சிருக்கேன், நீங்க சாப்பிடுங்க" என்று சொன்னது கேட்டது.