அச்சகத்தின் காற்று மாசைக் கொள்முதல் கணக்கில் தேடுங்கள்

காவிரிப் படுகையில் காற்று மாசு என்று பேச்செடுத்தால், அறுவடை முடிந்த வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலும், அரிசி ஆலைகளிலிருந்து பறந்து வரும் உமிச் சாம்பலும், நெடுஞ்சாலை லாரிகளும், நரிமணம் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளும் உடனே நினைவுக்கு வரும். அச்சகங்களை யாரும் நினைப்பதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில், நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, மேல்மாடியில் வீடும் கீழே எந்திரமுமாக இயங்கும் இத்தொழிலுக்குப் புகைபோக்கி கிடையாது. புகை தெரியாததால் மாசும் இல்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம்.

2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகள், எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்ற பெருந்தொழில்கள் இம்மண்டலத்தில் புதிதாக நுழைவதைத் தடுக்கிறது. அது வேண்டிய சட்டம்தான். ஆனால் நம் தெருவுக்குள்ளேயே நடக்கும் சிறு தொழில்களின் காற்றை அந்தச் சட்டம் தொடவில்லை; தொட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அச்சகங்களை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்பது என் கருத்தன்று. 1712இல் தரங்கம்பாடிக்கு அச்சு எந்திரம் வந்திறங்கிய காலத்திலிருந்து இத்தொழில் இந்த மண்ணுக்குச் சொந்தம். அதன் மாசை எங்கே தேடுவது, எப்படி அளப்பது என்பதில்தான் நாம் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பலர் நினைப்பதுபோல, மை தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும் அதிலிருந்து தாளுக்கும் ஏறும் ஆப்செட் அச்சில், மாசில் மையின் பங்கு பெரிதன்று. தாள் தாளாக அச்சிடும் எந்திரத்தில் மையிலுள்ள எண்ணெயின் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடுகிறது. சூடாக்கி உலர்த்தும் பெரிய ரோல் எந்திரங்களின் கதை வேறு. அங்கே அந்த எண்ணெயில் பெரும்பகுதி உலர்த்தியில் ஆவியாகிவிடும் என்பதால், அதை எரித்து அழிக்கும் கருவி இல்லாமல் அவற்றை ஓட்டவே கூடாது. நம் பகுதியின் அச்சகங்களில் காற்றில் கலப்பவை பெரும்பாலும் இரண்டு: பிளாங்கெட் என்னும் அந்த ரப்பர் விரிப்பையும் மை பூசும் ரோலரையும் துடைக்கும் கரைப்பான், பிளேட் என்னும் அச்சுத் தகட்டை நனைக்கும் தண்ணீரில் கலக்கப்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

துடைப்பதற்கு முன்பெல்லாம் மண்ணெண்ணெய்தான் பயன்பட்டது. ரேஷன் மண்ணெண்ணெய் அருகிப்போன பின் பல அச்சகங்களில் அந்த இடத்தைப் பெட்ரோல் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் வேண்டாமே என்று நான் சொன்னபோது ஒரு மிஷின்மேன் தந்த பதில் நியாயமானது: "மண்ணெண்ணெய்ல தொடச்சா பிசுக்கு நிக்கும் சார், முதல் அம்பது தாள் வீணாப் போயிடும். பெட்ரோல்னா உடனே காஞ்சிடும்." உடனே காய்வது என்றால் உடனே காற்றில் கலப்பது. நாட்டில் இன்று விற்கப்படும் பெட்ரோலில் கன அளவில் ஒரு விழுக்காடு வரை பென்சீன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. வெளிக்காற்றில் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கக் கூடாது என்று தேசியத் தரநிலை சொல்லும் நாட்டில், மூடியில்லாத டப்பாவில் பெட்ரோலை ஊற்றி வைத்துக்கொண்டு வெறுங்கையால் பனியன் வேஸ்டை முக்கித் துடைக்கிறோம்.

இதில் நம் வெயிலுக்கும் பங்குண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகும் போக்கின் அளவு, 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மடங்கு. குளிர்நாட்டு எந்திரத்துக்கு எழுதப்பட்ட கலவை அளவை அப்படியே எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில், தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியும் இல்லாமல் ஓட்டினால், ஊற்றிய ஆல்கஹால் பிளேட்டில் நிற்பதைவிட அறைக் காற்றில் நிற்பதே அதிகம். போதவில்லை என்று மறுபடியும் ஊற்றுகிறார்கள், பெரும்பாலும் அளக்காமலே.

இதெல்லாம் தலைவலியோடு போகிற விஷயம் என்று எண்ணுபவர்கள் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மாதிரிப் படிகளை அச்சிட்ட ஓர் ஆப்செட் அச்சகத்தில், காற்றோட்டம் குறைந்த அறையில் நாள் முழுக்கப் பிளாங்கெட் துடைத்த இளம் தொழிலாளர்களில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு மிக அரிதான பித்தநாளப் புற்றுநோய் வந்தது. 2012, 2013 வாக்கில் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர்கள் பயன்படுத்திய 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்ற குளோரின் சேர்ந்த கரைப்பானை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. அங்கேயும் யாருக்கும் புகை தெரியவில்லை. பெயர் ஒட்டாத கேனில் 'வாஷ்' என்று மட்டும் சொல்லி விற்கப்படும் திரவத்தை வாங்கும் ஒவ்வோர் அச்சக முதலாளியும் அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சரி, அரசு இதை அளக்காதா என்றால், இப்போதைய முறையில் அளக்க வழியில்லை. செய்தித்தாளில் வரும் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்த எட்டில், இந்தக் கரைப்பான்களைப் போன்ற எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் ஒன்றுகூட இல்லை. எனவே ஊரின் குறியீடு பச்சை நிறத்தில் இருக்கும் நாளிலேயே அச்சகச் சந்து நாறிக்கொண்டிருக்கலாம். 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படி ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண் இயல்பாகவே ஜெனரேட்டர் குழாய் மீது விழுகிறது, ஏனென்றால் அங்கே அளக்கத்தக்க ஒரு குழாயாவது இருக்கிறது.

அச்சகத்தில் புகைபோக்கியின் வேலையைச் செய்வது கரைப்பான் கேன்தான். ஒரு மாதத்தில் 40 லிட்டர் கரைப்பான் வாங்கி, அழுக்கான திரவமாகவும் நனைந்த துணியாகவும் 10 லிட்டர் கழிவாக ஒப்படைத்தால், மீதி 30 லிட்டர் காற்றில் போயிருக்கிறது. வேறு எங்கும் போக வழியில்லை. இந்தக் கணக்குக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, கொள்முதல் ரசீதும் ஒரு நோட்டும் போதும். தொழில் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவு ஆணை புதுப்பிக்கப்படும்போது மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இந்த நோட்டைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். கேட்காத வரைக்கும் கரைப்பான் என்பது முதலாளியின் செலவுப் பட்டியலில் ஒரு சில்லறை வரி மட்டுமே.

கணக்குத் தெரிந்துவிட்டால் குறைக்கும் வழிகள் கடினமல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் ஆப்செட் அச்சுக்கென வெளியிட்ட வழிகாட்டி, 20 டிகிரியில் ஆவியழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவான, அதாவது மெதுவாக ஆவியாகும், துடைப்பான் திரவங்களைப் பரிந்துரைத்தது. தாள் எந்திரங்களுக்கு நனைக்கும் கரைசலில் ஆல்கஹால் 5 விழுக்காடு, குளிர்வித்தால் 8.5 விழுக்காடு வரை என்று வரையறுத்தது. அப்படிப்பட்ட துடைப்பானைப் பயன்படுத்தி, நனைந்த துணியை மூடிய டப்பாவில் போட்டுவைத்தால், கரைப்பானில் பாதி துணியிலேயே தங்குவதாகக் கணக்கில் கொள்ளலாம் என்றும் அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு மூடிக்கு இவ்வளவு பலன். தாவர எண்ணெய் எஸ்டர்களால் ஆன துடைப்பான்கள் மெதுவாகக் காயும், கடைசியில் ஈரத் துணியால் ஒருமுறை துடைக்கவும் வேண்டும். மிஷின்மேன் சொன்ன அந்த ஐம்பது தாள் பிரச்சினைக்கு அந்த ஈரத் துணிதான் விடை. கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், கூரையோரம் சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேனைவிட எந்திரத்தின் அருகே தாழ்வாக வைத்த உறிஞ்சியே பயன் தரும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அதைக் கட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பது வெறும் ஆறுதல்.

ஆப்செட்டைவிட எனக்குக் கவலை தருவது ஃபிளெக்ஸ். காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை நம் மாவட்டங்கள் பேனரில் மூழ்கியிருப்பதை விளக்க வேண்டியதில்லை. சால்வென்ட் மை சைக்ளோஹெக்சனோன் போன்ற வலுவான கரைப்பான்களால் ஆனது. அச்சானதும் எந்திரத்தின் சூடான தகடு அந்தக் கரைப்பானில் பெரும்பகுதியை ஆவியாக்குகிறது. தூசி படியக் கூடாது என்று அறையை இறுக மூடி ஏசி போடுகிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் இரவு முழுக்க எந்திரம் ஓடும்போது ஆபரேட்டர் பையன் அதே அறையில் படுத்து உறங்குவதும் உண்டு. விழா முடிந்தபின் அந்தப் பேனர் மாட்டுக்கொட்டகைக்கும் கொள்முதல் நிலைய நெல் குவியலுக்கும் போர்வையாகி, கிழிந்தபின் வாய்க்கால் கரையில் எரிக்கப்படுகிறது. அது பிவிசி, எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் வெளிவரும். ஒரே பொருள் பிறக்கும்போதும் அழியும்போதும் காற்றைக் கெடுக்கிறது. தண்ணீர் சார்ந்த லேட்டெக்ஸ் மையும் துணிப் பேனரும் சந்தையில் உள்ளன, விலைதான் கூடுதல்.

அந்த விலையில்தான் எல்லாம் நிற்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வண்ண வேலையெல்லாம் சிவகாசிக்குப் போய்விட, பில் புத்தகத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் நம்பி ஓடும் டெல்டா அச்சகங்களின் லாபம் மிகச் சிறியது. அபராதம் போட்டு மிரட்டினால் எந்திரம் பின்கட்டுக்கு நகருமே தவிர பெட்ரோல் டப்பா நிற்காது. ஆனால் இவர்களின் பெரிய வாடிக்கையாளர்கள் யார்? மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள், நகராட்சிகள், கூட்டுறவு வங்கிகள், கோயில் நிர்வாகங்கள், கல்லூரிகள். இவை தம் அச்சு ஒப்பந்தப்புள்ளிகளில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: பெட்ரோல், குளோரின் சேர்ந்த துடைப்பான் கூடாது; கரைப்பான் கணக்கு நோட்டைக் காட்ட வேண்டும். அதனால் ஒரு தாளுக்கு ஏறும் சில காசுகளை இந்நிறுவனங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும். குறைந்த விலைப்புள்ளிக்கே வேலை என்று ஒருபக்கம் விதித்துவிட்டு, மறுபக்கம் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுத் துண்டறிக்கையை அதே பெட்ரோல் அச்சகத்தில் அடிக்கக் கொடுப்பதை முதலில் இந்த அலுவலகங்கள் நிறுத்தட்டும்.