படத்தை ஏன் பாதியில் நிப்பாட்டினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் 'எபவுட் எ போய்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுப் பாதியில் நிப்பாட்டியதை வந்திருந்த எல்லோரும் பார்த்தீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. நிப்பாட்டியது பிழை.

2002இல் வந்த அந்தப் படத்தில் ஹியூ கிராண்ட் நடித்த வில் என்பவனுக்கு 38 வயது. தகப்பன் எழுதிய ஒரு நத்தார்ப் பாட்டின் காசில், லண்டனில் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறான். மார்கஸ் என்ற பெடியனுக்கு 12 வயது. காலையிலேயே அழுகிற அம்மா, பள்ளிக்கூடத்தில் ஓயாத நக்கல். பள்ளி விட்டதும் வில்லின் வீட்டு மணியை அடித்து, உள்ளே போய் ரி.வி. முன்னால் குந்துகிறான். அந்த இடத்தில்தான் ஐயா ஒருவர் எழும்பி, "தனிக்கட்டை ஒருத்தன் ஊரான் பிள்ளையை வீட்டுக்குள்ள வச்சிருக்கிறதெல்லாம் ஒரு கதையோ, நிப்பாட்டுங்கோ" என்றார். உடனே நிப்பாட்டிவிட்டார்கள்.

ஐயா, நீங்கள் கேட்டதை அந்தப் பெடியனின் அம்மாவே கேட்கிறார். சாப்பாட்டுக் கடைக்குள் வந்து, நாலு பேர் பார்க்க, என் பிள்ளையோடு உனக்கென்ன வேலை என்று வில்லை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். கொஞ்சம் பொறுத்திருந்தால் அது வந்திருக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு முக்கியமில்லையா என்பீர்கள். முக்கியம்தான். என் மகனுக்கு ஒன்பது வயது. யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்காமல் விடமாட்டேன். ஆனால் கேட்பது வேறு, கதவைச் சாத்துவது வேறு. வெள்ளைக்காரன் கதை எங்களுக்கு எதற்கு என்பவர்களுக்குச் சொல்கிறேன், இது எங்கள் ஒழுங்கையில் நடந்த கதை.

போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த 2002இல் எனக்கும் 12 வயது. அப்பா 1996இல் காணாமல் போனவர். அம்மா தேத்தண்ணி ஊற்றும்போதே அழுவார். ஒழுங்கை முடிவில் ஓர் அண்ணா இருந்தார். பிரான்ஸில் இருந்த தமையன் அனுப்பும் காசில் சீவியம், மத்தியானம் மட்டும் நித்திரை. ஊர் அவரை உதவாக்கரை என்றது. எனக்குச் சயிக்கிள் ரியூப் ஒட்டப் பழக்கியது அவர்தான். ரியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமத்தி, குமிழி வரும் இடத்தில் என் விரலை வைத்து, "விட்டிடாதை, பிடிச்சுக்கொண்டிரு" என்பார். சொலூசன் காயும் மட்டும் இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். அப்பாவைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்டதில்லை. மற்ற எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு யாரோ அம்மாவிடம், "அவனோட பெடியனை விடாதையுங்கோ" என்றார்கள். அம்மா பயந்து மறித்துவிட்டார். சொன்னவர்களில் ஒருவராவது அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் வந்து என்னோடு இருந்தார்களா? இல்லை. ஒருவரும் வரவில்லை. படலையில் அண்ணா நிற்பார். நான் மணி அடிக்காமல், நிலத்தைப் பார்த்தபடி சயிக்கிளை மிதித்துப் போவேன். ஞாயிற்றுக்கிழமை திரை இருண்டபோது எனக்கு அந்தப் படலைதான் தெரிந்தது.

மிச்சப் படத்தை வருகிற சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் போடுகிறேன். ஐயா, நீங்களும் வாருங்கள். அந்த அம்மா கடைக்குள் வந்து கேட்கும் மட்டுமாவது இருந்து பாருங்கள்.