இன்குபேட்டரில் சேர்ந்தாலே தொழில் பிழைத்துவிடுமா?

இன்குபேட்டர் என்பது புதிய தொழில்களுக்கு இடம், ஆலோசனை, தொடர்புகள் தந்து வளர்த்துவிடும் அமைப்பு. "இன்குபேட்டரில் சேர்ந்த நிறுவனங்கள்தான் அதிகம் தாக்குப்பிடிக்கின்றன, அதனால் சேர்ந்தால் வெற்றி உறுதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாம் பாதி அதிலிருந்து வராது.

நல்ல இன்குபேட்டர்கள் விண்ணப்பங்களை வடிகட்டித்தான் எடுக்கின்றன. வலுவான குழு வெளியே இருந்திருந்தாலும் நின்றிருக்கும். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால், தேர்வு மதிப்பெண்ணில் மயிரிழையில் உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதியில் விலகியவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல பட்டியல்களில் அவர்கள் பெயரே இருக்காது.

இன்னொன்று, மானிய வாடகையும் இலவசக் கணக்காளரும் மூடுவிழாவைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். உண்மைச் செலவில் கால் பங்கை இன்குபேட்டர் சுமந்தால், 12 மாதம் வரும் என்று நீங்கள் நினைக்கும் கையிருப்பு வெளியே வந்ததும் 9 மாதத்தில் தீரும். முதல் நாளிலிருந்தே சந்தை வாடகையைப் போட்டு ஒரு தனிக் கணக்கு வைத்திருங்கள்.

உதவி பலிக்கும் இடமும் உண்டு. வாடிக்கையாளர் அறிமுகம், ஒப்பந்தத்தைப் படித்துத் தரும் வக்கீல், வசூலைத் துரத்தச் சொல்லித்தரும் ஆள். லாபம் காட்டும் நிறுவனம்கூட, பில் பணம் 60 நாள் கழித்து வந்து சம்பளம் 30ஆம் நாளே போனால் திணறிவிடும். இதைப் பிடித்துத் திருத்தும் ஒரு ஆலோசகர், பொதுவாகப் பேசிவிட்டுப் போகும் பத்து வழிகாட்டிகளைவிட மேல்.

சில திட்டங்கள் இலவசமும் அல்ல. புதிய நிறுவனங்களை வளர்க்கும் அமெரிக்கத் திட்டமான ஒய் காம்பினேட்டர், 1,25,000 டாலர் முதலீட்டுக்கு நிறுவனத்தில் 7% பங்கு எடுக்கிறது. சேரும் முன் கேளுங்கள்: வெளியேறி இரண்டு வருடம் கழித்து எத்தனை நிறுவனங்கள் சொந்த வருமானத்தில் ஓடுகின்றன?