சிலைக்கு மாலை சரி, கடிதங்கள் எங்கே?

விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருவரின் பெயரால் இயங்கும் நினைவு அறக்கட்டளை என்றதும், பிறந்தநாளன்று சிலைக்கு மாலை அணிவித்து நடத்தும் விழாவே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. விழாவை நான் குறைசொல்லவில்லை. ஆனால், தலைவர் எழுதியதையும் பேசியதையும் ஒரு சொல்லும் மாறாமல் காப்பதும், கேட்பவர் யாராயினும் அவற்றைத் திறந்து காட்டுவதுமே அத்தகைய அமைப்பின் முதற்கடமை என்பது என் உறுதியான எண்ணம்.

காந்தி 1929இல் நிறுவிய நவஜீவன் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். தம் எழுத்துகளின் பதிப்புரிமையை அவர் அதற்கே விட்டுச் சென்றார். தாகூரின் படைப்புகளுக்கு உரிமைக்காலம் முடிந்த வேளையில், ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்றிருந்த இந்தியச் சட்டம் 60 ஆண்டுகள் எனத் திருத்தப்பட்டது. காந்தியின் எழுத்துகளுக்கும் அவ்வாறு நீட்டிப்பை நவஜீவன் கோரியிருக்கலாம், கோரவில்லை. அதனால் காந்தி தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகளை 2009 முதல் எவரும் அச்சிடலாம். வருவாய் தரும் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்த அந்த முடிவை எந்த மணிமண்டபத்தையும்விடப் பெரிய நினைவுச்சின்னமாக நான் மதிக்கிறேன்.

திறந்து வைத்தால் மட்டும் போதாது, மூலம் பிழையின்றி இருக்கவும் வேண்டும். 1958 முதல் 1994 வரை நடுவண் அரசு வெளியிட்ட காந்தியின் தொகுப்பு நூல்கள் 100 தொகுதிகள் கொண்டவை. அவற்றுள் பெரும்பகுதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக உழைத்தவர் புதுக்கோட்டையில் பிறந்த பேராசிரியர் கே. சுவாமிநாதன். (அவர் பெயரில் நம் ஊர்களில் ஒரு தெருவாவது இருக்கிறதா என்பது ஐயமே.) பின்னாளில் "திருத்திய பதிப்பு" ஒன்று வந்தபோது, பழைய பதிப்பிலிருந்த பல பதிவுகள் அதில் விடுபட்டிருப்பதை ஆய்வாளர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கண்டறிந்தார்கள், எதிர்ப்பு வலுத்து, அப்பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. மூலத் தொகுதிகள் நூலகங்களில் இருந்ததால்தான் அந்த ஒப்பீடு இயன்றது. சபர்மதி ஆசிரமப் பாதுகாப்பு மற்றும் நினைவு அறக்கட்டளை 2013இல் தொடங்கிய மின்தளத்தில் இன்று அந்த மூலத் தொகுதிகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

மதுரை தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த ஆடையின் முன் மக்கள் பேச்சற்று நிற்பார்கள். அந்த உணர்ச்சிக்கும் இடம் வேண்டும். எனினும் அவர் என்ன நினைத்தார், எங்கே தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதை ஆடை சொல்லாது, கடிதங்கள்தாம் சொல்லும்.

ஆகவே, தலைவர் எவரின் பெயரால் நன்கொடை கேட்டாலும், கையிலுள்ள ஆவணங்களின் பட்டியலை அந்த அறக்கட்டளை முதலில் வெளியிட வேண்டும். முன்னறிமுகமற்ற ஆய்வு மாணவருக்கும் மூல ஏட்டைப் பார்க்க அனுமதி தர வேண்டும். விழாச் செலவையும் ஆவணப் பாதுகாப்புச் செலவையும் ஆண்டறிக்கையில் தனித்தனியே காட்ட வேண்டும்.