ஜாக்கி இக்ஸ் நடந்து போன அந்த ரேஸ்

பழைய கார் ரேஸ் பற்றிப் பேச்செடுத்தாலே கூட்டத்தில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "அந்தக் காலத்தில் ஓட்டினவன்தான்யா வீரன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டிக் கொடுக்கிறது." பழைய கார்கள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியத்துக்கு நானும் தலையாட்ட வேண்டியவன்தான். ஆனால் மனம் வருவதில்லை.

எனக்கு அந்தக் கார்களில் பிடித்ததே அவை எதையும் ஒளித்து வைக்காததுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய கருவிதான் கார்பரேட்டர்; அது வைத்த கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புரியும். காலையில், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். இன்ஜின் சூடேற ஏற, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் வண்டி நின்றுவிடும். அப்படியே மறந்துவிட்டால் பிளக் கரி பிடித்து மிஸ்ஸிங் அடிக்கும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நுனி கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி, மாட்டிவிடலாம். பெரிய பெரிய ரேஸ் கார்களுக்கும் இதே வைத்தியம்தான். பிளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை மாற்றினார்கள்.

ஓட்டுகிறவரையும் முழுசாகப் பார்க்க முடிந்தது. தலை, தோள், கை எல்லாம் வெளியே தெரியும். டயர் ஒல்லி, பிடிப்பு குறைவு. வளைவுக்கு வளைவு கார் வழுக்கிக்கொண்டே போகும், அதை இரண்டு கைகள் இழுத்துப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். 1957 ஜெர்மன் கிராண்ட் பிரி ரேஸில் அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபான்ஜியோவுக்கு வயது 46. பாதி டேங்க் பெட்ரோலோடு கிளம்பி, நடுவில் ஒருமுறை நின்று நிரப்பிக்கொள்வது திட்டம். நின்ற இடத்தில் நேரம் இழுத்துவிட்டது; வெளியே வரும்போது இரண்டு ஃபெராரிகள் முன்னால் வெகுதூரம் போய்விட்டன. ரேஸ் நடந்த நூர்பர்க்ரிங் தடத்தில் ஒரு சுற்று என்பது ஏறக்குறைய 23 கிலோமீட்டர். சுற்றுக்குச் சுற்று தன் சாதனையையே உடைத்துக்கொண்டு விரட்டி வந்து, இரண்டு பேரையும் தாண்டி ஜெயித்தார். அப்படி இன்னொரு முறை ஓட்ட முடியாது என்று பின்னால் அவரே சொன்னார்.

1955 மில்லே மில்லியா ரேஸ் என்றால் எனக்கு இன்னும் பைத்தியம் கூடும். இத்தாலியில் பிரெஷா நகரிலிருந்து ரோம் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், எல்லாம் பொதுச் சாலை. ஸ்டெர்லிங் மோஸ் ஓட்டுகிறார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்கார பத்திரிகையாளர். வழியில் வரும் வளைவு, மேடு, பாலம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, நீளமான காகிதச் சுருளாக்கி, ஒரு உலோகப் பெட்டிக்குள் வைத்திருந்தார் ஜென்கின்சன். உருட்ட உருட்ட அடுத்த வளைவு வரும். அந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் போடும் சத்தத்தில் பேசினால் கேட்காது, அதனால் எல்லாம் கைச் சைகை. மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை இருக்கிறதா என்றே தெரியாமல், அந்தக் கையை நம்பி மோஸ் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனார். பத்து மணி நேரம் ஏழு நிமிடச் சொச்சத்தில் முடித்தார்கள். நடுவில் ஜென்கின்சன் வெளியே எட்டி வாந்தியெடுத்ததில் மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட்டது. நல்லவேளை, கைவசம் இன்னொன்று வைத்திருந்தார்.



சரி, இத்தனை ஆசையாகப் பேசுகிற நான் ஏன் தலையாட்டுவதில்லை? மோஸ் ஜெயித்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பிரான்ஸில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் அதே மாடல் மெர்சிடிஸ் ஒன்று பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்ததில் 80 பேருக்கும் மேல் இறந்தார்கள். 1957இல் மில்லே மில்லியாவில் ஒரு ஃபெராரி சாலையோரக் கூட்டத்தில் புகுந்தது. குழந்தைகளும் செத்தார்கள், அந்த ரேஸே அதோடு முடிந்தது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் மோதிய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட், உடம்பெல்லாம் பெட்ரோல் வழிய காருக்குள் சிக்கிக் கிடந்தார். ஸ்டீயரிங்கைக் கழற்ற அவசர உதவி ஆட்கள் யாரும் இல்லை; சக ஓட்டுநர்கள்தான் வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் இரவல் வாங்கிக் கழற்றினார்கள். 1968இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் ஜிம் கிளார்க் விபத்தில் செத்துப்போனார். இரண்டு முறை உலக சாம்பியன். அவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

இதையெல்லாம் வீரக் கணக்கில் எழுதுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஸ்பேனர் இல்லாததில் என்ன வீரம்?

லே மான்ஸில் அப்போது ஒரு பழக்கம். கார்கள் ஒரு பக்கம், ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம். கொடி அசைந்ததும் எல்லாரும் ஓடிப்போய்க் குதித்து ஏறிப் பறக்க வேண்டும். பார்க்க அருமையாக இருக்கும், நானே அந்தப் புகைப்படங்களை எத்தனையோ முறை ரசித்திருக்கிறேன். ஆனால் சீட் பெல்ட் போட யாருக்கு நேரம்? 1969இல் 24 வயது பெல்ஜிய ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் மட்டும் ஓடவில்லை. நடந்தார். எல்லாரும் சீறிக் கிளம்ப, நிதானமாக ஏறி, பெல்ட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்டார். முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்பவர் விபத்தில் இறந்தார். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. 24 மணி நேரம் கழித்து, ஒரு போர்ஷேவை சுமார் நூறு மீட்டர் வித்தியாசத்தில் முந்தி இக்ஸ் ஜெயித்தார். அடுத்த வருடம் அந்த ஓடிப்போய் ஏறும் பழக்கம் கைவிடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்புக்காக ஸ்டூவர்ட் கேட்டதற்கெல்லாம் ஒத்துப்போன ஆள் இல்லை இக்ஸ். அவருக்கே இப்படி ஓடி ஏறுவது பொறுக்கவில்லை.

ஆக, காரும் சாவும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் இல்லை. இன்றைக்கும் இங்கிலாந்தின் குட்வுட் போன்ற இடங்களில் பழைய ரேஸ் கார்களை நிஜமாகவே விரட்டி ஓட்டுகிறார்கள். நல்ல ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, பக்கத்திலேயே மருத்துவர். கார்பரேட்டர் அதே மாதிரிதான் இருமுகிறது, வண்டி அதே மாதிரிதான் வழுக்குகிறது. பழைய காருக்கு ரோல் பார் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கம்பி) வைத்தால் அழகு கெட்டுப்போகிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கெட்டுவிட்டுப் போகட்டுமே.