கெரெமெக் போட மறுத்த கையெழுத்து

2007-ல் போலந்து அரசு ஒரு படிவத்தை நீட்டியது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ரகசியப் போலீசுக்கு உளவு சொன்னீர்களா, இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் என்று கிட்டத்தட்ட 7 லட்சம் பேருக்கு இது பொருந்தும் என்றார்கள். எழுதித் தராவிட்டால் வேலை போகும். முடியாது என்று சொன்னவர்களில் ஒருவர் புரொனிஸ்வாஃப் கெரெமெக். வயது 75, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். பதவி பறிபோகும் என்று தெரிந்தும் அவர் அசையவில்லை.

மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம், "இல்லை" என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியே தவறு என்று நான் நினைக்கிறேன். அவர் கடந்து வந்த பாதையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

1932-ல் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகள் யூதர்களை மதில் கட்டி அடைத்துவைத்த பகுதியிலிருந்து 1943-ல் அம்மாவோடு தப்பித்தார். அப்பா ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டுபோனார். அடைக்கலம் கொடுத்தவரின் குடும்பப் பெயர்தான் கெரெமெக். அவரே பிறகு அம்மாவை மணந்துகொண்டார்.

படித்தது வரலாறு. எடுத்துக்கொண்ட விஷயமோ மன்னர்களும் போர்களும் அல்ல, இடைக்காலப் பாரிஸின் கூலித் தொழிலாளிகளும் பிச்சைக்காரர்களும் நாடோடிகளும். அந்தக் காலப் பாரிஸில் சேன் நதிக்கரையில் கிரேவ் என்றொரு திடல் இருந்தது. வேலை தேடுபவர்கள் காலையில் அங்கே போய் நிற்பார்கள். ஆள் தேவைப்பட்டவர் வந்து கூலி பேசிக் கூட்டிக்கொண்டு போவார். வேலை நிறுத்தத்துக்குப் பிரெஞ்சு மொழியில் இன்று வழங்கும் சொல்லும் "கிரேவ்"தான், இந்தத் திடலின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பாரிஸின் கூலி உழைப்பைப் பற்றித்தான் கெரெமெக் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைப் புரட்டினார்.

அப்புறம் 1980 ஆகஸ்டில், கடான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் நிஜமான வேலை நிறுத்தமே வந்தது. அறிவுஜீவிகள் 64 பேர் கையெழுத்திட்ட வேண்டுகோளை எடுத்துக்கொண்டு, கெரெமெக்கும் தடேயுஷ் மஸோவியெட்ஸ்கியும் வார்சாவிலிருந்து அங்கே போனார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப இருந்தவர்களை, இருந்து உதவி செய்யுங்கள் என்று வேலை நிறுத்தத்தின் தலைவர் லெக் வலேசா நிறுத்திக்கொண்டார். இருவரும் தங்கிவிட்டார்கள். அரசோடு பேரம் பேசும்போது எந்தச் சொல் இருக்கலாம், எந்தச் சொல் கழுத்தை அறுக்கும் என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. ஆகஸ்ட் 31-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. வெல்டிங் தொழிலாளியும் இடைக்கால வரலாற்றாசிரியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

அதை ஒடுக்க 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. கெரெமெக் ஓராண்டு அடைபட்டுக் கிடந்தார். 1983-ல் மறுபடி கைது, 1985-ல் போலந்து அறிவியல் கழகத்தில் பார்த்த வேலையும் போனது. அடைத்துவைத்தவர்களிடம் "அரசுக்கு விசுவாசமாக இருப்பேன்" என்று எழுதி வாங்குவது அந்த ஆட்சியின் வழக்கம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு 2007 படிவத்தைப் பாருங்கள்.

அவர் மேல் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1950-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த 1968 வரை அதில்தான் இருந்தார். 18 வருடம் சின்னக் காலம் இல்லை. அரசும் சாலிடாரிட்டியும் உட்கார்ந்து பேசிய 1989 வட்டமேஜைப் பேச்சில் பழைய ஆட்சியாளர்களை எளிதாகத் தப்பவிட்டார்கள் என்ற கோபமும் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு துப்பாக்கிக் குண்டு பாயாமல் அந்த ஆட்சி கைமாறியது, அதற்கு விலை இருந்தது. அந்த விலை நியாயமானது என்றே சொல்வேன்.

1997-ல் வெளியுறவு அமைச்சரானார். 1999 மார்ச் 12 அன்று போலந்தை நேட்டோவில் சேர்த்த ஆவணத்தை ஒப்படைத்தவர் அவர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்க்கைப் பேச்சு தொடங்கியதும் அவர் காலத்தில்தான். 2004-ல் போலந்து ஒன்றியத்தில் சேர, அவர் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். தலைவர் தேர்தலிலும் நின்றார். இரண்டு பெரிய அணிகளும் முன்பே பேசிவைத்துக்கொண்டிருந்ததால் ஸ்பெயினின் ஜோசப் பொரெல் 388 வாக்குகளோடு வென்றார், கெரெமெக்குக்கு 208. கிழக்கும் மேற்கும் இணைந்த அதே ஆண்டில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இது இன்னும் ஆறவில்லை. 2009-ல் இன்னொரு போலந்துக்காரரான யெர்ஸி பூஸெக் அங்கே அமர்ந்தபோது கெரெமெக் உயிரோடு இல்லை.

சரி, படிவத்துக்கு வருகிறேன். 2004 தேர்தலின்போதே, உளவு சொன்னதில்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர். ஒளிக்க எதுவும் இல்லை. உளவு சொன்னவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அவர்களால் வாழ்க்கை பாழானவர்களுக்குத் தங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமை வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்தச் சட்டம் செய்தது வேறு. ஆசிரியரையும் பத்திரிகையாளரையும் கூட்டமாகச் சந்தேகக் கூண்டில் ஏற்றி, நிரபராதி என்று நீயே எழுதிக் கொடு என்றது. எழுதியது உண்மையா என்று பார்க்க, அந்த ரகசியப் போலீஸ் எழுதிவைத்த கோப்புகளையே புரட்டியது. அடக்கியவனின் குறிப்பேடு அடக்கப்பட்டவனுக்கு நற்சான்று தருவதா? பேச்சுரிமைக்கும் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சிக்கும் இது ஆபத்து என்று கெரெமெக் சொன்னார். ஆவணங்களோடு வாழ்நாளைக் கழித்தவர், ஓர் ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்று அவருக்குத் தெரியாதா?

2007 மே மாதம் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்துசெய்தது. பதவி தப்பியது.

அடுத்த ஆண்டு ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. பிரஸ்ஸல்ஸுக்குப் போக அவரே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பினார். மேற்குப் போலந்தில், நோவி தோமிஷ்ல் அருகே, எதிரே வந்த வேனில் கார் மோதி இறந்தார். வயது 76. ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுவே, வானம் பார்த்த முட்டை வடிவ முற்றம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களும் பார்வையாளர்களும் அதன் வழியாகத்தான் நடந்து போகிறார்கள். அந்த முற்றத்துக்கு இன்று கெரெமெக்கின் பெயர்.